ஆள் இறங்கி எடை போடவும்

மேலக்கணவாயில் ஆடி மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மற்ற ஊர்களிலும்தான் வைப்பதில்லை, ஆனால் அங்கெல்லாம் சாத்திரம் காரணம். மேலக்கணவாயில் மாப்பிள்ளை பறந்துபோய்விடுவார் என்பது காரணம். மேற்கே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிற இடத்துக்கு நேர் கிழக்கே, திறந்த கதவுக்கு எதிரே பாய் விரித்துப் படுத்தவன் மாதிரி படுத்துக் கிடக்கிற ஊர் அது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள், சொல்லிவிட்டு அம்மியைப் போட்ட இடத்திலேயே போட்டுவைப்பார்கள். மேலக்கணவாய்க் காற்று அந்தச் சொலவடையை எங்கேயோ காதில் வாங்கியிருக்க வேண்டும். ஒரு வருடம் அது அம்மியை விட்டுவிட்டு ஆட்களைத் தூக்கியது.

முதலில் பறந்தவர் பூக்கடை குற்றாலிங்கம். ஆடி ஒன்றாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு, பஸ் ஸ்டாண்டு முகப்பில் ஒரு அம்மாளுக்கு இரண்டு முழம் பிச்சிப்பூ அளந்துகொண்டிருந்தவர், முதல் முழத்துக்கும் இரண்டாம் முழத்துக்கும் நடுவில் தரையை விட்டுக் கிளம்பினார். அந்த அம்மாள் சரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இன்னும் ஒரு முழம் இருக்கு" என்றாள். சரம் அறுந்தது. அவர் அரசமரத்துக்கு மேலே போய், அரிசி மில் புகைபோக்கியைச் சுற்றி, ஊரைத் தாண்டி, கீழக்குளத்துக் கரையில் பூப்போல இறக்கிவைக்கப்பட்டார். உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. காற்று அடங்கியதும் மூன்று கிலோமீட்டர் நடந்து திரும்பி வந்து, காத்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு மிச்சம் ஒரு முழத்தை அளந்து கொடுத்தார்.

அடுத்த இரண்டு நாளில் பறக்காதவர்கள் குறைவு. காரணம் என்ன என்று கொஞ்சம் பேசினார்கள். கல்குவாரியில் மலையின் தோளைச் செதுக்கிவிட்டதால் காற்றின் வாய் அகன்றுவிட்டது என்றார்கள் சிலர். காற்றாலை விசிறிகள் திருப்பி ஊதுகின்றன என்றார்கள் சிலர். போன வருடம் அம்மனுக்குக் கொடைத் திருவிழாவைச் சுருக்கியதுதான் என்றார் பூசாரி. ஆராய்ந்து சொல்ல இரண்டு அதிகாரிகள் கருவிகளோடு வந்தார்கள், ஜீப்பிலிருந்து இறங்கினார்கள், அடுத்ததாகக் கீழக்குளத்தில் இறங்கினார்கள், அங்கிருந்தே பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு காரணத்தை யாரும் தேடவில்லை. காரணம் தெரிந்தால் மட்டும் காற்று நிற்கவா போகிறது. காலையில் பால் வாங்கப் போவது எப்படி என்பதுதான் ஊரின் கேள்வி.

அதற்கு வழி சொன்னவள் குற்றாலிங்கத்தின் மனைவி செண்பகவடிவு. ஊர் எல்லையில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் அவளுக்கு இருபது வருட வேலை. லாரி வெறுமையாக வரும்போது ஒரு எடை, பாரத்தோடு வரும்போது ஒரு எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். லாரிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு எடைக்கு ஆளைக் குறைப்பார்கள், ஒரு எடைக்கு ஆளைக் கூட்டுவார்கள், தார்ப்பாய்க்கு அடியில் மச்சானைப் படுக்கவைப்பார்கள். அதனால் மேடைக்கு முன்னால் 'ஆள் இறங்கி எடை போடவும்' என்று பலகை உண்டு. பலகையை யார் படிக்கிறார்கள். வடிவு ஜன்னலுக்குள் இருந்தபடி மைக்கில் சொல்வாள். "டிரைவர் இறங்கு. கிளீனர் இறங்கு. தார்ப்பாய்க்குள்ள படுத்திருக்கவனும் இறங்கு." அந்தக் குரல் ஊரின் பாதிக்குக் கேட்கும். புருசன் முழத்தில் அளப்பான், பெண்டாட்டி டன்னில் நிறுப்பாள் என்று அவர்களைப் பற்றி ஒரு கேலி உண்டு. அவருடைய எடை நாற்பத்தாறு கிலோ, அவளுடையது நூற்று இருபத்து நாலு என்பதால் அந்தக் கேலிக்கு இன்னும் இரண்டு மூன்று கிளைகளும் உண்டு, அவற்றை இங்கே சொல்ல வேண்டாம்.

ஜன்னல் வழியே ஊர் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த வடிவு ஒன்றைக் கவனித்தாள். தனியாகப் போகிறவர்கள் பறந்தார்கள். நடுரோட்டில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துச் சண்டை போட்டவர்கள் பறக்கவில்லை. அவர்களை அப்படியே, பிடித்த பிடியை விடாமல், மேடையில் ஏற்றினாள். லாரி மேடை கிலோ கிலோவாகக் காட்டாது, பத்துப் பத்தாகத்தான் காட்டும். நூற்றுப் பத்து என்று காட்டியது. அடுத்து இரண்டு கல்லூரிப் பெண்களைக் கைகோத்து நிற்கவைத்தாள், தொண்ணூறு. அவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் பறந்துவிட்டார்கள். பொழுது சாயும்வரை இப்படி நாற்பது ஐம்பது பேரை ஏற்றி இறக்கிப் பார்த்து, மைக்கில் சொன்னாள். "நூறு. நூறத் தொட்டா காத்து தூக்காது. கையப் பிடிச்சுக்கிட்டுப் போங்க." கல்லைக் கட்டிக்கொண்டு போகலாமே என்று அரிசி மில் ஆவுடைநாயகம் ஒரு மூட்டை அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். அவரும் மூட்டையும் சேர்ந்து போனார்கள். காற்றுக்கு ஆள் எடைதான் எடை, அரிசி கணக்கில் வராது என்று அன்று தெரிந்தது.

ஊர் அதற்குப் பழகியது. ஊர் எதற்குத்தான் பழகாது? ராத்திரி அடங்கிக் கிடக்கும் காற்று காலை ஒன்பது மணிக்கு எழும். அதற்கு முன்னால் நூறு சேருகிற மாதிரி ஆளைத் தேடிக்கொண்டு ஒரு கொத்தாக இறங்குவார்கள். வரப்புத் தகராறில் பன்னிரண்டு வருடம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி, ஆளுக்கு ஐம்பத்திரண்டு கிலோ, வேறு யாரும் கிடைக்காமல் கைகோத்து ரேஷன் கடைக்குப் போனார்கள். முகத்தை மட்டும் ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மாமியார்கள் மருமகளின் கையைப் பிடித்துத் துணி துவைக்கப் போனார்கள். காதலிக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், யார் கேட்டாலும் "எடைக்குத்தான்" என்றார்கள். சாமியாடி மட்டும் அருள் வந்த நேரத்தில் கையை உதறிவிட்டுப் போய்விட்டார், அம்மன் அன்றைக்குக் கீழக்குளத்தில் வாக்குச் சொன்னாள்.

தனியாக நடக்க முடிந்தது வடிவு ஒருத்திக்குத்தான். நூறைத் தனியாகத் தாண்டிய உடம்பு ஊரில் அது ஒன்றுதான். அவளைச் சுற்றி இன்னும் ஐந்து பேர் நடந்தாலும், பத்துப் பேர் நடந்தாலும், அவள் இடுப்பில் கட்டிய தேங்காய்நார்க் கயிற்றை ஒரு கையால் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், காற்று அவர்களை விட்டுவிடும். ஏன் அப்படி என்று காற்றைத்தான் கேட்க வேண்டும். தினமும் காலை எட்டே முக்காலுக்கு அவள் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினாலு பேரும், அவர்களுக்கு முன்னால் நாற்பத்தொரு கிலோ எமிலி டீச்சரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதுகுக்குப் பின்னால் அவளை ரோடுரோலர் என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்களெல்லாம் வடிவக்கா, வடிவு மதினி என்று கூப்பிட்டன. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காராதவர்கள் அவள் பக்கத்தில் நிற்க இடம் கேட்டார்கள். வடிவுக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக, அவள் தெருவில் இறங்கினால் தெரு சந்தோஷப்பட்டது.

சங்கடம் என்னவென்றால், அவள் வைகாசியிலேயே திருநெல்வேலிக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்திருந்தாள்.

சர்க்கரைக்கு நாலு மாத்திரை, முட்டுக்கு ஒரு தைலம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மூக்கில் மாட்ட ஒரு மெசின். இதோடு இன்னொன்று, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அம்மா இதே உடம்பு, இதே நடை, இதே சிரிப்பு. நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. வடிவுக்கு அந்த வயதுக்கு இன்னும் மூன்று வருடம்.

டாக்டரம்மா ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, முக்கால் பாகத்தைப் பேனாவால் அடித்துக் காட்டினார். "இவ்வளவையும் எடுத்துடுவோம். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவு இருக்கும். சர்க்கரை குறைய நல்ல வாய்ப்பு இருக்கு, மூச்சும் முழங்காலும் லேசாகும். ஆனா இது மந்திரம் இல்லம்மா. ஆயுசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடணும், சத்து மாத்திரையை விடக் கூடாது, முடி கொட்டும், தோல் தொங்கும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. எந்த ஆபரேஷனுக்கும் உள்ள ஆபத்து இதுக்கும் உண்டு. யோசிச்சுச் சொல்லுங்க." ஆடி இருபத்தஞ்சுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். பதினொன்றாம் தேதியிலிருந்து வெறும் நீராகாரம்தான் என்றும், வருவதா வேண்டாமா என்று அதற்குள் போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாள் பூக்கடைக் கூடையில் ஈரத்துணிக்கு அடியில் இருந்து, யார் கண்ணிலோ பட்டு, சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு மாரிக்கனி. தொண்ணூற்றாறு கிலோ; வடிவுக்கு அடுத்தபடி ஊரில் அவள்தான், ஒரு கைக்குழந்தையை எடுத்துக்கொண்டால் அவளுக்குப் போதும். கையில் ஒரு தூக்குவாளி நிறைய உளுந்தங்களி.

"மதினி, வயித்த அறுக்கப் போறியளாமே, நெசமா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"இந்த ஒடம்புக்கு என்ன கொறச்சல்? மகராசி மாதிரி இருக்கீய. அந்த ஆபரேசன் பண்ணுனவ எல்லாம் மொகம் ஒடுங்கி, கழுத்து நீண்டு, காக்கா முட்ட தேடுத மாதிரில்லா இருக்காளுவ. களி சூடா இருக்கு, சாப்பிடுங்க."

அது ஆரம்பம். மறுநாள் அரிசி மில்லிலிருந்து அதிரசம் வந்தது. அதற்கு அடுத்த நாள் எட்டு வீட்டிலிருந்து எட்டுப் பாத்திரம். ஊர் ஒன்றும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, ஆனால் தீர்மானித்த மாதிரியே எல்லாம் நடந்தது. வடிவு இளைத்துவிடக் கூடாது என்று தேங்காய்ப்பால் ஆப்பமும் நெய் ஒழுகும் கேசரியும் முட்டைக் குழம்பும் வேளை தவறாமல் வந்தன. கொண்டுவந்தவர்கள் அவள் சாப்பிடுகிறவரை உட்கார்ந்திருந்தார்கள். முகம் கோணக் கூடாதே என்று வடிவு சாப்பிட்டாள். அதோடு, பொய் என்ன, ருசியாகவும் இருந்தது. எமிலி டீச்சர் மட்டும் எதுவும் கொண்டுவராமல் வந்தார்.

"வடிவு, நீ கட்டாயம் போகணும். எங்க அக்காளுக்கும் டாக்டர் இதத்தான் சொன்னாரு. மாட்டேன்னுட்டா. இப்பக் கல்லறைத் தோட்டத்துல இருக்கா. நீ போகலன்னா நான் ஒன்கிட்டப் பேச மாட்டேன்."

குற்றாலிங்கம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் தூக்கத்தில் மூச்சு நின்றால் விலாவில் தட்டி எழுப்புவதற்காகவே பத்து வருடமாக அரைத்தூக்கம் தூங்குகிற மனுசர். அவர் பாட்டுக்குப் பூக் கட்டினார். கட்டின சரத்தில் இடைவெளி கூடிக்கொண்டே போனது, வாங்கினவர்கள் குறைசொன்னார்கள்.

ஆடி ஒன்பதாம் தேதி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, சின்னப் பாலத்துப் பக்கம் வடிவுக்கு மூச்சு வாங்கியது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க வரவில்லை. முட்டு இரண்டும் மாட்டேன் என்றன. பதினாலு பிள்ளைகளும் எமிலி டீச்சரும் கயிற்றை விடாமல் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள், விட்டால் கீழக்குளம். காற்று அவர்கள் தலைக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டு போனது. பள்ளிக்கூட மணி அடித்தது கேட்டது. பொழுதுபோக்க டீச்சர் பேச்சுக் கொடுத்தார்.

"நீ ஒருநாளும் மேல போகலல்லா வடிவு?"

"நான் எங்க டீச்சர் போக."

"மேலருந்து பாத்தா மலைக்கு அந்தப் பக்கம் தெரியுது. பச்சைப்பசேல்னு. நம்ம ஊரு எவ்ளோ சின்ன ஊரு தெரியுமா, ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கும். மொத நாளு பயந்தேன். ரெண்டாந்தடவை கைய விட்டுட்டு வேணும்னே போனேன், யாருட்டயும் சொல்லிராத."

பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். ஒன்று கோவில் கோபுரத்துக்கு மேலே காகக்கூட்டைப் பார்த்திருந்தது, ஒன்று தன் வீட்டு ஓட்டில் தொலைந்த பந்தைப் பார்த்திருந்தது. வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் பறக்காதவள் தான் ஒருத்தி மட்டும்தான் என்பது அதுவரை பெருமையாக இருந்தது, இப்போது அது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து முட்டு இறங்கிவந்தது, எழுந்து நடந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மன் கோவிலில் கொடைக்கான ஊர்க்கூட்டம். சப்பரம் தூக்குகிறவர்களின் எடையைப் பற்றிப் பேசி முடித்ததும், மூட்டையோடு பறந்த ஆவுடைநாயகம், கோவில் கமிட்டித் தலைவர் என்ற முறையில், எழுந்தார்.

"வடிவு, நீ ஒடம்பக் கொறைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஊருக்கு ஒரு பிடிமானம் வேணும்லா. ஆடி கழியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

"அடுத்த வருசமும் ஆடி வரும்லா அண்ணாச்சி."

"அது வரும்போது யோசிப்போம்."

கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். போகாதே என்றவர்கள் அன்பாகச் சொன்னார்கள், போ என்றவர்களும் அன்பாகத்தான் சொன்னார்கள். மாரிக்கனி அழுதாள். எமிலி டீச்சர் சண்டை போட்டார். வடிவு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொடைக்குக் கட்டியிருந்த மைக்கை எடுத்தாள். மைக் கைக்கு வந்ததும் அவளுக்குப் பழக்கமான சொல்தான் வாயில் வந்தது.

"ஆள் இறங்குங்க."

கூட்டம் விழித்தது. உட்கார்ந்திருந்த இரண்டு லாரி டிரைவர்கள் மட்டும், பழக்கதோஷம், எழுந்து நின்றார்கள்.

"இப்ப எட போடுதது என்னைய. ஆனா மேடையில ஏறி நிக்கது நீங்க எல்லாரும். இப்படி நிறுத்தா எட சரியா வருமா? அண்ணாச்சி, பறந்தா ஒங்களுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல, மூணு கிலோமீட்டர் நடக்கணும், அவ்ளோதான். அத ஏன் எங்கிட்ட ஏத்துதீய? இறங்குங்க. மாரிக்கனி, நான் பண்ணிக்கிட்டா அடுத்தது எல்லாரும் ஒன்னயச் சொல்லுவாங்கன்னு ஒனக்குப் பயம். இறங்குளா. டீச்சர், ஒங்க அக்காளுக்காக நான் போக முடியாது. நீங்களும் இறங்குங்க."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து குற்றாலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"நானுமா?"

"நீங்கதான் மொதல்ல இறங்கணும். ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து என் மூச்ச எண்ணுத மனுசன்லா நீங்க. நீங்க ஏறி நின்னா என் எட எனக்குத் தெரியவே தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனார். அவர் கொஞ்சம் அழுதார் என்று பிடித்த கைக்காரர் பிறகு சொன்னார்.

மறுநாள் காற்று எழுவதற்கு முன்னால் வடிவு எடைமேடைக்குப் போனாள். ஜன்னலுக்குள் விளக்கைப் போட்டுவிட்டு, இருபது வருடத்தில் முதல்முறையாகத் தானே மேடையில் ஏறி நடுவில் நின்றாள். நூற்று முப்பது என்று காட்டியது. ஊரின் ஆப்பமும் கேசரியும் வேலை செய்திருந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. மேடையில் வேறு யாரும் இல்லை என்பதைத்தான் பார்த்தாள். ரோடுரோலர் என்றவர்கள் இல்லை, மகராசி என்றவர்கள் இல்லை. அவர்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடினாள். பாதி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மாரிக்கனியின் களி வந்தது. அதை இனி இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிட முடியாது என்று நினைத்தபோது நிஜமாகவே துக்கமாக இருந்தது. கயிற்றைப் பிடிக்க யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தபோது அதைவிடத் துக்கமாக இருந்தது. அப்புறம் அம்மா அடுப்பை அணைத்தது வந்தது. கடைசியாக வந்தது அவளே எதிர்பாராத ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் பச்சையாக இருக்கிறதாமே என்பது. சாக விருப்பமில்லை, ஒருதடவை மேலே போய்ப் பார்க்க வேண்டும். எல்லாரும் இறங்கின பிறகு மிஞ்சின எடை அதுதான். முதல் லாரி வந்து ஹாரன் அடித்தது. அவள் மேடையை விட்டு இறங்கி, உள்ளே போய், திருநெல்வேலிக்குப் போன் பண்ணி வருவதாகச் சொல்லிவிட்டு, மைக்கை எடுத்தாள்.

ஊர் கோபித்துக்கொண்டது, இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பாத்திரங்களில் மோரும் கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் வந்தன, டாக்டர் தாளில் எழுதியிருந்தபடியே. அந்தத் தாளைத்தான் எல்லாரும் படித்திருந்தார்களே. ஆபரேஷன் அன்று குற்றாலிங்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல், வெறும் நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். கண் விழித்த வடிவு அந்த நூலைப் பார்த்துவிட்டு, "பூ எங்க?" என்றாள்.

அவள் இல்லாத நாட்களில் பதினாலு பிள்ளைகளை யார் கொண்டுபோவது என்று திணறின ஊர், வரப்புத் தகராறு அண்ணன் தம்பியை முன்னால் விட்டு, மாரிக்கனியைப் பின்னால் விட்டு, நடுவில் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப் போனது. எடை தாராளமாக வந்தது. முதல் நாளே அப்படிச் செய்திருக்கலாம் என்று ஆவுடைநாயகத்துக்கு அப்போதுதான் தோன்றியது, அதை அவர் வெளியே சொல்லவில்லை. அண்ணன் தம்பி இரண்டாவது வாரம் பேச ஆரம்பித்தார்கள், முதல் பேச்சே வரப்பைப் பற்றித்தான்.

வடிவுக்கு அந்த வருடம் சுலபமாகப் போகவில்லை. முதலில் தண்ணீரை மூடி மூடியாகக் குடித்தாள். பிறகு குழைத்த சோறு இரண்டு கரண்டி. ஐப்பசியில் முடி கொத்துக் கொத்தாக வந்தது, கைச்சதை பை மாதிரி தொங்கியது. ஒரு கல்யாணப் பந்தியில் பாயச வாசனைக்கு எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்று அழுதாள், எதற்கடா இதைச் செய்தோம் என்றுகூட அழுதாள். மார்கழியில் சர்க்கரை மாத்திரை நாலு, ஒன்று ஆனது. தையில் ஒரு நாள் குற்றாலிங்கம் காலை ஏழு மணிவரை தூங்கிவிட்டார். பத்து வருடத்தில் முதல் முழுத்தூக்கம். பதறி எழுந்து பார்த்தால் வடிவு பக்கத்தில் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினாள். அவர் அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

பங்குனியில் மாரிக்கனி வந்து வாசலில் நின்றாள்.

"மதினி, செஞ்சது சரிதானா? உள்ளதச் சொல்லுங்க."

"எனக்குச் சரி. ஒன்னய நான் எட போடலளா."

மாரிக்கனி கொண்டுவந்திருந்த களித் தூக்குவாளியைத் திறந்தாள். பிறகு, "அப்பம் எனக்கு இப்படியே இருக்கட்டும் மதினி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். களி இரண்டு கரண்டி வடிவுக்கு, மிச்சம் மாரிக்கனிக்கு.

அடுத்த ஆடி வந்தது. ஒன்றாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு வடிவு, எண்பத்து நாலு கிலோ, பழைய ஞாபகத்தில் யார் கையையும் பிடிக்காமல் வேலைக்குப் போகத் தெருவில் இறங்கினாள். எல்லாரும் தன்னைப் பிடித்தே பழகியவளுக்குத் தான் ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டு முகப்பில் காற்று அவளை எடுத்தது. செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. பூக்கடைக்குள் இருந்த குற்றாலிங்கம் எட்டிப் பிடித்தது அவள் இடுப்பில் இன்னும் பழக்கமாகக் கட்டியிருந்த நீளத் தேங்காய்நார்க் கயிற்றை. நூறு கணக்கெல்லாம் தரையில் நிற்கிறவர்களுக்குத்தான், ஒருதடவை எடுத்ததைக் காற்று கீழே வைக்காது. அவளோடு சேர்ந்து அவரும் கிளம்பியிருப்பார், அதற்குள் மாரிக்கனி அவர் இடுப்பைப் பிடித்தாள், எமிலி டீச்சர் மாரிக்கனியைப் பிடித்தார், ஆவுடைநாயகம் டீச்சரின் குடையைப் பிடித்தார். ஒருவர் பின்னால் ஒருவராகப் பஸ் ஸ்டாண்டே ஒரு கொத்தாக நின்று அண்ணாந்து பார்த்தது.

"பிடிச்சிருக்கோம், பயப்படாத" என்றார் குற்றாலிங்கம்.

"பயமா இல்ல. இன்னும் ரெண்டு முழம் விடுங்க."

அவருடையது பூ அளக்கிற கை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, ஒன்று, இரண்டு என்று அளந்து விட்டார். அவள் அரசமரத்துக்கு மேலே வந்தாள். எடைமேடை கீழே ஒரு தீப்பெட்டி அளவில் கிடந்தது. இருபது வருடமாக எத்தனையோ ஆயிரம் டன்னைத் தாங்கின மேடை அவ்வளவுதான். "இன்னும் ரெண்டு" என்றாள். அவர் விட்டார். மலையின் பிளவு தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் பச்சை தெரிந்தது, டீச்சர் சொன்னது பொய்யில்லை. கீழே அத்தனை முகங்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அவர்கள் எல்லார்மேலும் பிரியமாக இருந்தது.

"முழம் முடிஞ்சு போச்சுளா" என்று கத்தினார் குற்றாலிங்கம். கயிற்றின் கடைசி நுனி அவர் விரலில் சுற்றியிருந்தது. "இழுத்துரட்டுமா?"

"வேண்டாம். விட்டுருங்க."

"கீழக்குளம்லா? மூணு கிலோமீட்டர்."

"நடந்து வந்துக்கிடுதேன்."

அவர் விரலிலிருந்து சுற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு விட்டார். வடிவு அரிசி மில் புகைபோக்கியைச் சுற்றி, கோவில் கோபுரத்துக் காகக்கூட்டைத் தாண்டி, கிழக்கே சின்னதாகிப் போனாள். குற்றாலிங்கம் விழுந்த செருப்பை எடுத்துத் துடைத்துக் கடைப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டு, காத்துக்கொண்டிருந்தவருக்கு மிச்சப் பூவை அளந்தார். அன்று அளந்த முழமெல்லாம் கொஞ்சம் நீளமாக இருந்ததாக வாங்கினவர்கள் சொன்னார்கள்.

காற்று அடங்குவதற்குக் காத்திராமல், குளத்தங்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, பதினொன்றே காலுக்கு வடிவு ஊருக்குள் வந்தாள். வெறுங்காலெல்லாம் சேறு. வழியில் சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாயா என்று எமிலி டீச்சர் கேட்டார். உட்கார்ந்ததாகச் சொன்னாள், கூட வந்த அந்தப் பெண்ணுக்குத்தான் கால் வலித்ததாம்.